மாரி வருமுன் அன்ரனா ஏறட்டும்

கச்சான் காற்று ஓய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில வாரங்களில் வானம் கறுக்கும். கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். மாவடிப்பள்ளித் தாம்போதியைக் கடக்கலாமா கூடாதா என்று ஆளுக்காள் தொலைபேசியில் கேட்பார்கள். பிறகு மின்சாரம் போகும், அதற்குப் பின்னால் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் ஓயும். மாரி வந்தால் இதுதான் நமது வழமை. இந்த வருடம் இதில் ஒன்றையாவது மாற்றிக்காட்டுவோம் என்று உங்களை அழைக்கிறேன். மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, உரிமம் பெற்ற ஆட்களோடும் சொந்தக் கருவிகளோடும் நமக்கென்று ஓர் அமெச்சூர் வானொலிக் கழகம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காக எந்த அரசியல்வாதியின் வாசலிலும் போய் நிற்கத் தேவையில்லை. நாமே போடலாம், நாமேதான் போடவேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமியை நான் உங்களுக்கு ஞாபகமூட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலையின் நேரக்கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சுமாத்திராவில் பூமி அதிர்ந்தபோது இங்கே நேரம் காலை 6.58. நமது கரையில் கடல் ஏறியது எட்டரை மணிக்குப் பிறகு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நமக்கு இருந்தது, ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் சனம் ஞாயிற்றுக்கிழமைக் காலையின் அலுவல்களில் இருந்தது. இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை நாம் குறைவாகவே பேசுகிறோம். கடல் முதலில் அடித்தது கிழக்கை. தெற்கையும் தென்மேற்கையும் சுற்றிப் போக அதற்கு இன்னும் நேரம் பிடித்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட ரயில் காலி மாவட்டத்தின் பெரேலியாவில் அலையில் அகப்பட்டது ஒன்பதரை மணியளவில். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓரிடத்தில் இறந்தார்கள். நமது தெருக்களில் கடல் புகுந்து வெகுநேரத்துக்குப் பிறகு நடந்தது அது. ரயில்வே கட்டுப்பாட்டு அறை வேறு ரயில்களை நிறுத்தியது, அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் நேரத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. ‘கல்முனையில் கடல் ஏறிவிட்டது, ரயிலை நிறுத்துங்கள், கரையை விட்டு ஓடுங்கள்’ என்று இங்கிருந்து ஒருவர் உரிய நிமிடத்தில் கொழும்புக்குச் சொல்லியிருக்கக்கூடிய பாதை எதுவும் இருக்கவில்லை. தொலைபேசிக் கம்பிகளும் மின்சாரமும் பாதைகளும் கடலோடு போய்விட்டன. அறுகம்பைப் பாலம் உடைந்து பொத்துவிலுக்கு அப்பால் ஆட்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

அதே கிழமையில் அம்பாந்தோட்டையில் என்ன நடந்தது தெரியுமா? அங்கும் தொலைத்தொடர்பு முற்றாக அறுந்திருந்தது. இலங்கை ரேடியோ சொசைட்டியைச் சேர்ந்த அமெச்சூர் வானொலியாளர்கள் சிலர் ஒரு சிற்றலைக் கருவியையும் கார் பற்றரிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்கள். அன்ரனாக் கம்பியைக் கட்டினார்கள். அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் அலுவலகத்துக்கும் இடையே குரல் ஓடியது. என்ன தேவை, எவ்வளவு தேவை, எங்கே தேவை என்று அந்தக் கம்பி வழியாகத்தான் போனது. சொசைட்டியின் தலைவராக இருந்த விக்டர் குணதிலக்க இதைப் பிற்பாடு உலகத்துக்கே எடுத்துச்சொன்னார். பணக்கார நாட்டின் செய்மதி அல்ல அவர்களிடம் இருந்தது. சாதாரண ஆட்கள், ஓய்வுநேரத்தில் படித்த வித்தை, சொந்தக் காசில் வாங்கிய பெட்டி, அவ்வளவுதான்.

வங்காள விரிகுடாவின் அடுத்த கரையில் ஒரு பெண். டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவகத்தின் குழுவோடு அந்த டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்தார். பல வருடங்களாக அமெச்சூர் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைக்காதிருந்த தீவிலிருந்து உலகத்தோடு பேசிப் பார்ப்பதுதான் அவர்களுடைய நோக்கம். வெறும் பொழுதுபோக்கு. 26 ஆம் திகதி நிலம் அதிர்ந்ததும் அந்தப் பொழுதுபோக்குக் கருவி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான தொடர்பாக மாறியது. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னாரைக் காணவில்லை, இந்தத் தீவில் தண்ணீர் இல்லை என்று மணிக்கணக்காக, நாள்கணக்காகச் செய்திகளை அனுப்பினார்கள். ‘இதெல்லாம் வசதியுள்ளவனுடைய விளையாட்டு’ என்று சொல்பவர்களிடம் போர்ட் பிளேயரைச் சொல்லுங்கள்.

நமக்கு இதில் ஒரு விசேஷமான வாய்ப்பு இருக்கிறது, தோழர்களே. வேறு எந்தக் கரைக்கும் இவ்வளவு எளிதாக வாய்க்காதது. ஊருக்குள் செய்தி பரப்பும் கடைசிக் கண்ணி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மஹல்லாவில் ஒருவர் மவுத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து முடிப்பதற்குள் ஊரே அறிந்துவிடுகிறது. நமது கரையில் ஒரு பள்ளியின் சத்தம் முடியும் இடத்தில் அடுத்த பள்ளியின் சத்தம் தொடங்கும். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் கோவில் மணியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன, கல்முனை நகரில் தேவாலய மணி இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்களை நட்டார்கள். பராமரிப்பும் உதிரிப்பாகமும் இல்லாமல் அவற்றில் பல பேசாமல் நிற்கின்றன. நமது பள்ளி ஒலிபெருக்கியோ ஒரு நாளைக்கு ஐந்து தடவை பரிசோதிக்கப்படுகிறது. குறைவது ஒன்றே ஒன்று. தொலைபேசி செத்த நேரத்தில் அந்த ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் முஅத்தினாருக்குச் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆள். அந்த ஆளைத்தான் இந்தக் கழகம் உருவாக்கப்போகிறது.

சுனாமி நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று நினைத்தால் வெள்ளத்தைப் பாருங்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி நிந்தவூர் மத்ரசாவிலிருந்து சம்மாந்துறையிலுள்ள வீடுகளுக்குத் திரும்பிய பிள்ளைகள் ஏறிய உழவு இயந்திரத்தைக் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துப்போனது. ஆறு மாணவர்களோடு சேர்த்து எட்டு ஜனாஸாக்கள். கழகம் ஒன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் எழுதமாட்டேன். அந்த உம்மாமாரின் முன்னால் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தாம்போதியின் இரண்டு கரையிலும் கையில் வானொலியோடு ஒவ்வொருவர் நின்று, தண்ணீர் எத்தனை அடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அரைமணிக்கொரு தடவை நிந்தவூருக்கும் சம்மாந்துறைக்கும் சொல்லும் ஒழுங்கு நம்மிடம் இருக்கவேண்டும். இனி வரும் எந்த மாரியிலும் அது இல்லாமல் இருக்கக்கூடாது. அடுத்த வருடமே, 2025 நவம்பர் கடைசியில், தித்வா புயல் நாட்டையே புரட்டிப்போட்டது. மலைநாட்டில் மண்சரிவில் பாதைகள் போய், தொலைபேசிகள் அடங்கி, சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

‘எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே’ என்று நமது காக்காமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கையில் இருக்கும் ஃபோன் பேசுவது பக்கத்திலுள்ள கோபுரத்தோடு. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், அது போனால் பற்றரி, அது போனால் ஜெனரேற்றருக்கு டீசல். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது சிக்னல் எப்படிக் கரைந்து போனது என்பதை மறந்துவிட்டீர்களா? கோபுரம் நின்றாலும், ஊரே ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுனாமி எச்சரிக்கை வந்து நாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடிய பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்லிங்க் வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும், வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும், கழகமும் ஒன்று வாங்கலாம். ஆனால் எங்கோ ஒரு கம்பனியின் சந்தாவில் ஓடுகிற ஒரு தட்டை மட்டும் நம்பி இரண்டு இலட்சம் சனத்தை விடமுடியாது.

அமெச்சூர் வானொலிக்கு இடையில் யாரும் இல்லை. என்னுடைய கருவியிலிருந்து உங்களுடைய கருவிக்கு, அவ்வளவுதான். கையில் பிடிக்கும் சிறிய கருவி 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலையில் 5 வற் வலுவில் பேசும். நமது கரை தட்டையானது. வீடுகளும் தென்னைகளும் நடுவில் நிற்பதால் கைக்குக் கை பேசும்போது சில கிலோமீற்றர்தான் போகும். ஆனால் நடுவில் ஓர் உயரமான இடத்தில், முப்பது மீற்றர் அளவில், மறுஒலிபரப்பி ஒன்றை ஏற்றிவிட்டால், அது கீழே கேட்கும் குரலை வாங்கி மேலிருந்து திருப்பிக் கொடுக்கும். சுற்றிலும் ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்கு எட்டும். மருதமுனையில் நிற்பவரும் ஒலுவிலில் நிற்பவரும் பேசிக்கொள்ள அது போதும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றத்துக்கு மினாராவில் ஏறியவர்கள் அங்கிருந்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று அறிவார்கள். கண் போகும் தூரம்தான் இந்த அலையும் போகும், கொஞ்சம் கூடுதலாக. பள்ளி நம்பிக்கையாளர் சபைகளே, மாநகர சபையின் தண்ணீர்த் தாங்கிகளைப் பராமரிப்பவர்களே, உங்களிடம் நாங்கள் பணத்துக்கு முன் கேட்பது உயரத்தை.

கொழும்போடு பேசுவதற்கு வேறு வழி. அதுதான் என்னை இந்த விஷயத்தில் கட்டிப்போட்டது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலைக்கு ஏறக்குறைய 20 மீற்றர் நீளமான செப்புக் கம்பி வேண்டும். அதை நடுவில் வெட்டி, பத்துப் பத்து மீற்றராக இரண்டு கையாக்கி, நடுவிலிருந்து ஒரு கேபிளைக் கீழே இறக்கவேண்டும். இரண்டு முனையிலும் நைலோன் கயிறு போட்டு இரண்டு தென்னைகளுக்கு இடையே இழுத்துக் கட்டினால் அன்ரனா தயார். மிக உயரத்தில் கட்டவேண்டும் என்பதில்லை. தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலுள்ள மின்னூட்டப் படையில் பட்டு, குடை விரித்ததுபோல் கீழே இறங்கும். அந்தக் குடைக்குள் பகல் நேரத்தில் இலங்கை முழுதும் அடங்கும். நடுவில் மலை நின்றாலும் பரவாயில்லை, அலை மேலிருந்துதான் வருகிறது. இரவில் அந்தப் படை மாறும், அப்போது இன்னும் நீளமான கம்பியும் தாழ்ந்த அலைவரிசையும் தேவைப்படும். ஒரு 12 வோல்ட் பற்றரி, கூரையில் ஒரு சோலார் தட்டு. கல்முனையும் அம்பாறையும் இருட்டில் கிடந்தாலும் இது பேசும். நமது ஊரில் தோணிக்குக் கயிறு முடியத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கம்பியைக் கட்டக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கருவியை விடப் பெரிய காரியம் பழக்கம். சுனாமிக்குப் பிந்திய நாட்களில் ‘அலை திரும்ப வருது’ என்று ஒருவர் கத்தினால் முகாமே எழுந்து ஓடியதை நினைத்துக்கொள்ளுங்கள். யார் பார்த்தது, எங்கே பார்த்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது என்று கேட்க ஆளில்லை. 2018 இல் அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கிளம்பிய வதந்தி பள்ளிவாசல் வரை போய் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு பத்துக் குழுவுக்குப் போய்விட்டால் அது உண்மையாகிவிடுகிறது. வானொலி வலையில் அது நடக்காது. ஒருவர் வலையைக் கட்டுப்படுத்துவார், அவர் அழைத்தவர்தான் பேசலாம். செய்தி கொடுப்பவர் தன் அழைப்புக்குறியைச் சொல்லவேண்டும். பிறகு இடம், நேரம், கண்ணால் கண்டதா காதால் கேட்டதா, அளவு, இவ்வளவும். கேட்பவர் அதைக் கொப்பியில் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிக்கவேண்டும். ‘மாவடிப்பள்ளித் தாம்போதி, காலை 7.20, நானே நின்று பார்க்கிறேன், தண்ணீர் முழங்காலுக்கு மேல், வேகம் கூடுகிறது’ என்று வந்தால், அதே சொற்கள், அதே எண்கள் திரும்பிப் போகவேண்டும். சரி என்று பதில் வந்த பிறகுதான் அது பள்ளிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போகும். இந்த ஒழுங்கை ஒவ்வொரு கிழமையும், மழை இல்லாத நாளிலும் பழகவேண்டும். அப்படிப் பழகிய இருபது இளைஞர்கள் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊரில் பீதி குறையும். இது ஒன்றுக்காகவே கழகத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மேற்கு வங்காளத்தில் ஓர் அமெச்சூர் வானொலிக் கழகம் இருக்கிறது. கங்கா சாகர் திருவிழாவில் இலட்சக்கணக்கானவர்கள் கூடும்போது தொலைந்துபோகும் முதியவர்களையும் பிள்ளைகளையும் அவர்களுடைய குடும்பத்தோடு சேர்த்துவைப்பதை அவர்கள் வருடாவருடம் செய்கிறார்கள். கழகம் அனர்த்தத்துக்காக மட்டும் காத்திருக்கவேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன். நமக்குக் கொடியேற்ற நாட்கள் இருக்கின்றன, பெருநாள் இரவுகள் இருக்கின்றன, ஆழ்கடலுக்குப் போய்ச் சொன்ன நாளில் திரும்பாத படகுகள் இருக்கின்றன. நம் நாட்டில் ஒலிபரப்பே இப்படி ஒரு கழகத்தோடு சேர்ந்துதான் தொடங்கியது. 1920களில் தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்பர் கொழும்பில் இலங்கையரையும் ஆங்கிலேயரையும் சேர்த்து ஒரு வானொலிக் கழகம் வைத்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒலிபரப்பி செய்தார்கள். 1925 இல் கொழும்பு வானொலி முறையாக ஒலிக்கத் தொடங்கியது.

இனி வாய்விட்டுப் பேசப்படாத பயத்துக்கு வருகிறேன். யுத்தகாலத்தில் நமது பகுதியில் வீட்டுக்குள் ஒரு வோக்கிடோக்கி இருந்தால் அது குடும்பத்தையே அழிக்கக்கூடிய பொருள். 2019 ஏப்ரலின் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குறிப்பாகச் சாய்ந்தமருதில் படையினரோடு மோதல் நடந்த அந்த இரவுக்குப் பிறகு, முஸ்லிம் வீட்டுக் கூரையில் ஒரு புதுக் கம்பி தெரிந்தாலே யார் என்ன சொல்வார்களோ என்று நமது வாப்பாமார் யோசிக்கிறார்கள். அந்த யோசனையில் பிழையில்லை. அதனால்தான் இதைத் தனித்தனியாக, களவாக, சந்தையில் கிடைத்த கருவியை வாங்கி யாரும் செய்யக்கூடாது என்று மன்றாடுகிறேன். உரிமமில்லாமல் ஒலிபரப்புவது குற்றம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பரீட்சை வைத்து உரிமம் தருகிறது, அழைப்புக்குறி தருகிறது. அமெச்சூர் வானொலியில் மறைமொழி பேசமுடியாது, வியாபாரம் பேசமுடியாது. பேசுவதை யாரும் கேட்கலாம், பொலிஸாரும் கேட்கலாம், கேட்கட்டும். கழகத்தின் பெயர்ப்பலகை வீதியைப் பார்த்து இருக்கவேண்டும். பிரதேச செயலாளரும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியும் முதல் நாளே அழைக்கப்படவேண்டும். இலங்கை ரேடியோ சொசைட்டியின் அனுபவசாலிகளை அழைத்து அவர்களுடைய கையால் முதல் கருவியை இயக்கவைக்கவேண்டும். வெளிச்சத்தில் செய்கிற காரியத்துக்கு நாம் பயப்படத் தேவையில்லை.

பரீட்சை எட்டாத உயரத்தில் இல்லை. மின்சாரம், அலை, அன்ரனா, சட்டவிதி. சாதாரண தர விஞ்ஞானம் ஒழுங்காகப் படித்த பிள்ளை சில மாதம் உட்கார்ந்தால் முதற்படியைத் தாண்டும். சிக்கல் என்னவென்றால் படிப்பதற்கான குறிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. ஸாஹிராவின், மஹ்மூத் மகளிர் கல்லூரியின், வெஸ்லியின், கார்மேல் பாத்திமாவின், அல்-மனாரின் பௌதிகவியல் ஆசிரியர்களே, இது உங்களுக்கான அழைப்பு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமே இருக்கிறது, அதன் மாணவர்களையும் சேர்த்துத்தான் அழைக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தமிழில் வகுப்பெடுங்கள். பெண் பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு வெளியே போகமுடியாத பிள்ளையும் வீட்டு மேசையிலிருந்து வலையைக் கட்டுப்படுத்தலாம். போர்ட் பிளேயரில் அந்த நாட்களில் குழுவை நடத்தியவர் ஒரு பெண் என்பதை அவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஸகாத்தை நான் கேட்கவில்லை, அது உரியவர்களுக்குப் போகட்டும். ஸதகா கேட்கிறேன். ஊர்க்கிணறு வெட்டுவதற்கு நாம் யோசிக்காமல் கொடுக்கிறோம், ஜனாஸா வண்டிக்குக் கொடுக்கிறோம், மையவாடி மதிலுக்குக் கொடுக்கிறோம். ஆபத்தில் செய்தி கொண்டுபோகும் கருவியும் அந்த வரிசையில் வரவேண்டியது. கைக்கருவி ஒன்று, நம்மவர் பெருநாளைக்கு மகனுக்கு வாங்கிக்கொடுக்கும் ஃபோனை விட மலிவு. சிற்றலைக் கருவி கூடியது, பாவித்த மோட்டார் சைக்கிள் வாங்கும் காசு ஆகும். மறுஒலிபரப்பி, பற்றரிகள், சோலார், மின்னல் காப்பு, ஈரமில்லாத ஓர் அறை, ஏழைப் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவை அதற்கு மேல். கடலுப்பு எல்லாவற்றையும் தின்னும், ஆகவே பராமரிப்புக்கு மாதாமாதம் பணம் வேண்டும். ஒரே நாளில் ஒரு தனவந்தர் ஐந்து இலட்சம் தந்து, பெயரைக் கல்லில் வெட்டிக்கொண்டு போவதை விட, ஐந்நூறு பேர் மாதம் நூறு ரூபாய் சந்தா கட்டுவது இந்தக் கழகத்தை உயிரோடு வைத்திருக்கும். எச்சரிக்கைக் கோபுரங்கள் ஏன் பேசாமல் போயின என்று பார்த்தோமல்லவா? நடுவதற்குப் பணம் இருந்தது, பார்த்துக்கொள்வதற்கு இருக்கவில்லை.

கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் இருக்கும் நமது தம்பிமாரே, வெள்ளச் செய்தி கேட்டு வீட்டுக்கு அழைத்து, இணைப்புக் கிடைக்காமல் விடியும்வரை ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் நீங்கள். அந்த இரவுகளில் ‘உம்மா சுகம், தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை’ என்ற ஒரு வரியின் பெறுமதி உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் பாடசாலை பெட்ச் குழுக்கள் ஏற்கெனவே கட்டடத்துக்கும் வகுப்பறைக்கும் சேர்த்துத் தந்திருக்கின்றன. இந்த வருடம் ஒவ்வொரு பெட்ச்சும் ஒரு பற்றரியை, அல்லது நான்கு கைக்கருவிகளைப் பொறுப்பெடுங்கள். ஆனால் கருவியை நேரே வாங்கிப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள், இறக்குமதிக்கும் அனுமதி தேவை. பணமாகத் தாருங்கள், கழகம் ஒழுங்கின்படி எடுக்கட்டும்.

காசு இல்லாதவரும் கொடுக்கலாம். கல்முனைப் பசாரில் மின்சாரச் சாமான் விற்பவரிடம் மீந்த செப்புக் கம்பி இருக்கும். சாய்ந்தமருதுப் படகுக்காரரிடம் கயிறும், பாய்மரம் போன்ற நீளக் குழாயும் இருக்கும். வானொலிப்பெட்டி திருத்திய பழைய மெக்கானிக் காக்காமாரிடம் ஈயம் வைக்கத் தெரிந்த கை இருக்கிறது, அதை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. மருதமுனை நெசவாளர் ஒருவர் கூரைக்கு மேல் கம்பி கட்ட இடம் தந்தால் அது ஒரு நிலையம்.

கணக்கு விஷயத்தில் கண்டிப்பாக இருப்போம். நமது ஊர்களில் எத்தனை நல்ல சங்கங்கள் கணக்குத் தகராறில் உடைந்தன என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வங்கிக் கணக்கு ஒன்று, கையொப்பம் மூன்று பேர், அவர்கள் மூன்று ஊரைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். வரவும் செலவும் மாதாமாதம் பள்ளிகளின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படவேண்டும். தேர்தலில் நிற்பவர் எவரும் நிர்வாகத்தில் இருக்கக்கூடாது. கருவியின் மேல் எந்தக் கட்சியின் நிறமும் படக்கூடாது.

கல்முனை வடக்கு, கல்முனை தெற்கு, சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று நமக்குள் இருக்கும் இழுபறிகளை இந்தக் கழகத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காரைதீவுத் தம்பியும் பாண்டிருப்புத் தங்கையும் நற்பிட்டிமுனைக் காக்காவும் ஒரே வலையில் இருந்தால்தான் அந்த வலைக்குப் பெறுமதி. மாவடிப்பள்ளித் தண்ணீர் நிந்தவூருக்கும் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் ஒன்றாகத்தான் ஏறுகிறது. ஒரு சமூகம் மட்டும் நிற்கும் கழகமானால் பாதி ஊரின் நீர்மட்டம் நமக்குத் தெரியாது. இது உணர்ச்சிக்காகச் சொல்வதல்ல, வேலை அப்படித்தான் நடக்கும். தமிழ் பேசும் எல்லோரும் ஆரம்பக் கூட்டத்திலேயே அமரவேண்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம் என்பது வேண்டாம். அம்பாறை நகரத்துச் சிங்களச் சகோதரர்களில் உரிமம் எடுக்க விரும்புபவர் வந்தால் அவருக்கும் கதிரை போடுவோம். தாம்போதிக்கு வரும் தண்ணீர் அவர்களுடைய பக்கத்திலிருந்துதான் இறங்கி வருகிறது, முதல் செய்தி அங்கிருந்துதான் வரவேண்டும்.

தோழர்களே, மாரிக்கு இருப்பது வாரங்கள். பரீட்சை எழுதி உரிமம் எடுத்து மறுஒலிபரப்பி ஏற்றுவது ஒரு வருட வேலை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இந்த மாரிக்கு முன்பே செய்யக்கூடியது இருக்கிறது. ஆட்களைப் பதியலாம். வகுப்பைத் தொடங்கலாம். கேட்கும் கருவியை வைத்து, பேசாமல், கேட்கமட்டும் பழகலாம். தாம்போதிகளில் நீர்மட்டம் பார்க்கும் ஆட்களை இப்போதே பிரித்து, தொலைபேசி இருக்கும்வரை தொலைபேசியிலேயே அந்த எழுதி வாசிக்கும் ஒழுங்கைத் தொடங்கலாம். அடுத்த மாரிக்கு அதே ஆட்களின் கையில் கருவி இருக்கும்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். உங்கள் பள்ளி நம்பிக்கையாளர் சபையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கழகத்துக்கு ஓர் அறை தருவீர்களா? மினாராவில் ஓர் இடம் தருவீர்களா? காரைதீவில், பாண்டிருப்பில் இருப்பவர்கள் கோவில் நிர்வாகத்திடம் இதையே கேளுங்கள். அன்றிரவே உங்கள் பெட்ச் குழுவில் இந்த அழைப்பைப் போட்டு, யார் மாதம் நூறு ரூபாய் தருவார்கள் என்று பெயர் எழுதத் தொடங்குங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகனோ மகளோ இருந்தால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.